வடகிழக்குப் பருவமழைக் கணிப்பை வயல் முடிவாக மாற்றுவது எப்படி

ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில் "வடகிழக்குப் பருவமழை இந்த ஆண்டு இயல்பைவிட அதிகம்" என்றோ "குறைவு" என்றோ ஒரு செய்தி வரும். அந்த ஒரு வரியை நம்பி எந்த ரகம் விதைப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்க முடியாது. அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் விழுக்காடுகளை எடுத்து, உங்கள் ஊர் மழைப் பதிவோடும் கண்மாயில் இன்று நிற்கும் தண்ணீரோடும் சேர்த்துக் கணக்குப் போட்டால் முடியும். அந்தக் கணக்கைப் படிப்படியாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி போன்ற மானாவாரி, கண்மாய்ப் பாசன மாவட்டங்களை மனத்தில் வைத்து எழுதியது. உப்பளம், செங்கல் சூளை, குடிநீர் வழங்கல் என அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையை எதிர்பார்த்தோ அஞ்சியோ இருக்கும் யாருக்கும் கணக்கு இதேதான்.

மூன்று மாதம் முன்பே எப்படிச் சொல்ல முடிகிறது

நாளைய மழையைக் காற்றின் இன்றைய நிலையை வைத்துச் சொல்கிறார்கள். காற்றின் நிலை இரண்டு வாரத்துக்குள் முழுக்க மாறிவிடும்; அதற்கு மேல் தேதி குறித்து மழை சொல்ல வழியில்லை. கடல் அப்படியல்ல. அது சூடாகவும் குளிரவும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். பசிபிக் பெருங்கடலின் நடுவே, நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 பாகை, மேற்குத் தீர்க்கரேகை 120 முதல் 170 வரை உள்ள பரப்பை நீனோ 3.4 என்கிறார்கள். அங்கே மேற்பரப்பு வெப்பநிலை சராசரியைவிட 0.5 டிகிரி செல்சியசோ அதற்கு மேலோ கூடி, சில மாதங்கள் அப்படியே நீடித்தால் எல் நினோ. அதே அளவு குறைந்து நீடித்தால் லா நினா. இதை வைத்துத் தேதி சொல்ல முடியாது. மூன்று மாத மொத்த மழை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லலாம்.

எல் நினோ என்றாலே வறட்சி என்று ஊடகங்களில் படிப்பது தென்மேற்குப் பருவமழையைப் பற்றியது. தமிழகக் கடற்கரைக்கு அக்டோபருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். எல் நினோ ஆண்டின் கடைசி மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகும். நிலநடுக்கோட்டையொட்டிக் கீழைக்காற்று வலுக்கும். வங்கக் கடலின் ஈரம் நம் கரையை நோக்கி வரும். ஆகவே வடகிழக்குப் பருவமழை கூடும் பக்கமே சாயும். இந்தியப் பெருங்கடல் இருமுனை என்பதும் இதே திசையில் வேலை செய்வது. ஆப்பிரிக்காவை ஒட்டிய மேற்குக் கடலின் வெப்பநிலை தன் சராசரியிலிருந்து விலகிய அளவிலிருந்து, சுமத்திராவை ஒட்டிய கிழக்குக் கடலின் வெப்பநிலை அப்படி விலகிய அளவைக் கழித்தால் வருவது அதன் அளவு. அது 0.4 டிகிரியைத் தாண்டி நேர்மறையாக நின்றால் நமக்கு நல்லது, எதிர்மறையானால் கவலை. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காலபோகத்தின் (அங்கே மழைக்கால நெல் பருவம்) முதல் பாதி மழைக்கும் இந்தத் தொடர்பு பொருந்தும்.

2015-இல் வலுவான எல் நினோ. மாநிலத்தில் மழை இயல்பைவிட 50 விழுக்காட்டுக்கும் மேல் கூடியது. 2016-இல் பசிபிக்கில் லா நினா, இந்தியப் பெருங்கடலில் எதிர்மறை இருமுனை; சுமார் 440 மி.மீ. பெய்யவேண்டிய இடத்தில் 168 மி.மீ. மட்டுமே பெய்தது. இந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்த்தவர்கள் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைப்பார்கள். 2010-உம் 2021-உம் லா நினா ஆண்டுகள். இரண்டிலும் மழை கொட்டித் தீர்த்தது. 2018-இல் எல் நினோ உருவாகிக்கொண்டிருந்தபோதே 24 விழுக்காடு பற்றாக்குறை. ஆக, கடல் தருவது ஒரு சாய்வு மட்டுமே. அந்தச் சாய்வுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதுதான் நாம் போடப்போகும் கணக்கு.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. மார்ச் முதல் மே வரை பசிபிக் எந்தப் பக்கம் போகும் என்று கணிப்பது கடினம். அந்த மாதங்களுக்கு முன் வெளியாகும் எல் நினோ கணிப்புகள் அடிக்கடி தவறும். ஆகஸ்டுக்குள் நிலைமை தெளிந்துவிடும். அப்போது இருக்கும் நிலை பெரும்பாலும் டிசம்பர்வரை நீடிக்கும். எனவே ஏப்ரலில் தென்மேற்குப் பருவத்துக்குச் சொல்லும் கணிப்பைவிட, செப்டம்பரில் வடகிழக்குப் பருவத்துக்குச் சொல்லும் கணிப்புக்கு அடித்தளம் உறுதியானது. ஏப்ரலிலேயே "இந்த ஆண்டு எல் நினோ, ஐப்பசியில் நல்ல மழை" என்று வரும் காணொளிகளை ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் முடிவை எழுதுங்கள்

கணிப்பைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதவேண்டும். என்ன முடிவு? அதை மாற்ற முடியாத கடைசி நாள் எது? மழை எந்த அளவைத் தாண்டினால் ஒரு வழி சரி, தாண்டாவிட்டால் மறுவழி சரி?

கண்மாய்ப் பாசன நெல்லை எடுத்துக்கொள்வோம். புரட்டாசியில் நேரடி விதைப்பு. 130 முதல் 135 நாள் ரகம் என்றால் செப்டம்பர் 25-க்குள் விதைத்தாகவேண்டும். மழை நின்ற பிறகும் ஜனவரி முழுக்கக் கண்மாய்த் தண்ணீர் வேண்டும். 100 முதல் 105 நாள் ரகம் என்றால் அக்டோபர் நடுப்பகுதிவரை பொறுக்கலாம், ஜனவரித் தண்ணீர்த் தேவை பெரிதும் குறையும், விளைச்சலும் குறையும். இங்கே கடைசி நாள் செப்டம்பர் 25. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வடகிழக்குப் பருவமழை அறிவிப்பு வருவதோ செப்டம்பர் 30 அல்லது அக்டோபர் 1 வாக்கில். அதாவது நீண்டகால ரகம் விதைப்பவருக்கு அந்த அறிவிப்பு கைக்கு வரும்போது முடிவு எடுத்தாகிவிட்டிருக்கும். அவர் செப்டம்பர் நடுவில் வெளியாகும் மற்றக் கணிப்புகளைப் பார்த்தாகவேண்டும். கணிப்பு பயன்படவில்லை என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், பாதிப் பேருக்குச் சிக்கல் இந்தத் தேதிப் பொருத்தத்தில்தான் இருக்கும்.

ஊரின் 30 ஆண்டு மழை

அடுத்து வேண்டியது உங்களுக்கு அருகிலுள்ள மழைமானியின் மாதவாரிப் பதிவு, குறைந்தது 30 ஆண்டுகளுக்கு. வட்டாட்சியர் அலுவலகம், பொதுப்பணித் துறை ஆய்வு மாளிகை, வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றில் மழைமானி இருக்க வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம் 0.25 பாகைக் கட்டங்களாக, 1901 முதலான தினசரி மழையை இலவசமாகத் தருகிறது. ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் அகலம் என்பதால் உங்கள் ஊரின் சொந்த மழை அதில் கொஞ்சம் மழுங்கியிருக்கும். ஆண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

ஒவ்வோர் ஆண்டுக்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றையும் கூட்டுங்கள். முப்பது மொத்தங்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதுங்கள். முதல் பத்து குறைமழை ஆண்டுகள், நடுப்பத்து இயல்பு ஆண்டுகள், கடைசிப் பத்து மிகைமழை ஆண்டுகள். பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவே ஒரு கோடு, இருபதாவதுக்கும் இருபத்தொன்றாவதுக்கும் நடுவே இன்னொரு கோடு. உலகெங்கும் பருவக் கணிப்புகள் பேசுவது இந்த மூன்று கூறுகளைப் பற்றித்தான். எந்தக் கணிப்பும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு 33 விழுக்காடு.

பதிவில் வெற்றிடம் இருந்தால் பூச்சியம் போடாதீர்கள். "மழை இல்லை" என்பதும் "அளக்கவில்லை" என்பதும் பல பதிவேடுகளில் ஒரே கோடாக இருக்கும். நவம்பரில் ஒரு மாதம் முழுக்கக் கோடு மட்டும் இருந்தால், பக்கத்து மழைமானியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் அந்த ஆண்டையே நீக்கிவிடுங்கள். மி.மீ., செ.மீ., அங்குலம் மூன்றும் கலந்த பழைய பதிவேடுகளும் உண்டு. ஒரு நாள் மழை என்பது முதல் நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது என்பதையும் நினைவில் வையுங்கள். வாட்ஸப்பில் வரும் "நேற்று ராத்திரி மழை" கணக்கு இதோடு ஒத்துப்போகாது.

பட்டியல் தயாரானதும் எல் நினோ ஆண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள்: 1997, 2002, 2004, 2006, 2009, 2014, 2015, 2018, 2023. தெளிவான லா நினா ஆண்டுகளுக்கு நீலப் புள்ளி: 1998, 1999, 2000, 2007, 2010, 2011, 2020, 2021, 2022. சிவப்புப் புள்ளிகள் உங்கள் ஊரின் மிகைமழைப் பகுதியில் குவிகின்றனவா, மூன்று கூறுகளிலும் சிதறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். சிதறிக் கிடந்தால் உங்கள் இடத்துக்கு எல் நினோச் செய்தியால் பெரிய பயனில்லை. ஒன்பது புள்ளிகளை வைத்து "ஐந்து முறை மிகைமழை, ஆகவே 56 விழுக்காடு" என்று எழுதவும் கூடாது. ஒன்பதில் ஐந்து என்பது தற்செயலாகவும் வரக்கூடியது. திசையைப் பார்க்க மட்டுமே அது உதவும்.

எந்தக் கணிப்பை, எந்தத் தேதியில்

செப்டம்பர் மாதத்தில் இந்த வரிசையில் பாருங்கள். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையத்தின் பருவக் கணிப்பு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி புதுப்பிக்கப்படும். ஒரே கணினி மாதிரியைச் சற்றே வேறுபட்ட தொடக்க நிலைகளிலிருந்து 51 முறை ஓட்டி எடுப்பது. 10-ஆம் தேதி வாக்கில் ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் சேவை பல நாட்டு மையங்களின் கணிப்புகளை ஒன்றாகச் சேர்த்து வெளியிடும். அமெரிக்காவின் நோவா நிறுவனம் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை எல் நினோ நிலவர அறிக்கையைத் தரும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஐ.ஆர்.ஐ. நிறுவனம் மாத நடுவில் மூன்று கூறு வரைபடத்தை வெளியிடும். எல்லாமே இலவசம். பிறகு தெற்காசிய நாடுகளின் வானிலைத் துறைகள் கூடி வெளியிடும் கூட்டறிக்கை. மாதக் கடைசியில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாவட்டவாரியாக மழையளவைக் கணித்து வெளியிடுகிறது. அது உள்ளூர் அளவில் கிடைப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் உதவும்.

வரைபடத்தைத் திறந்ததும் முதலில் பார்க்கவேண்டியது நிறத்தை அல்ல, திறன் வரைபடத்தை. ஒவ்வொரு மையமும் கடந்த 20, 30 ஆண்டுகளுக்குத் தன் மாதிரி எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கும் என்று ஓட்டிப் பார்த்து வெளியிடுகிறது. செப்டம்பரில் தொடங்கி அக்டோபர்–டிசம்பருக்குச் சொன்ன கணிப்பு நம் பகுதியில் எப்படி என்று தேடுங்கள். ஆர்.ஓ.சி. என்ற அளவில் 0.5 என்றால் நாணயம் சுண்டியதற்குச் சமம், 0.6-க்கு மேல் என்றால் கவனிக்கலாம், 0.7 என்றால் நன்று. 0.5-ஐ ஒட்டி இருக்கும் மாதிரி எவ்வளவு அடர்த்தியான பச்சையைக் காட்டினாலும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விழுக்காட்டைப் படிப்பது

கணிப்பு 20 : 35 : 45 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். குறைமழைக்கு 20, இயல்புக்கு 35, மிகைமழைக்கு 45. இதைத்தான் செய்தித்தாள் "இயல்பைவிட அதிக மழை" என்று தலைப்பிடும். மிகைமழை வராமல் போகும் வாய்ப்பு 55 விழுக்காடு என்பதும், ஐந்தில் ஒரு பங்கு குறைமழையே வரலாம் என்பதும் அதே எண்களுக்குள் இருக்கின்றன. குறைமழை வந்தால் கணிப்பு பொய்த்துவிட்டது என்று சொல்ல முடியாது. இதுபோல் ஐந்து முறை சொல்லும்போது ஒருமுறை அப்படி வரத்தான் வேண்டும்.

மாதிரியின் நேரடி எண்ணிக்கையை எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். 51 ஓட்டங்களில் 28 மிகைமழையைக் காட்டினால் 55 விழுக்காடு. ஒரே மாதிரியின் ஓட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் இந்த எண் பெரும்பாலும் மிகையான உறுதியைக் காட்டும். அதை 33-ஐ நோக்கிப் பாதி தூரம் இழுத்து 44 என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். திருத்தி வெளியிடப்பட்ட கணிப்புகளுக்கு இது தேவையில்லை.

"இயல்பு" என்ற சொல்லில் பலர் தடுக்கி விழுகிறார்கள். தென் தீபகற்பத்துக்கான பருவக் கணிப்பில் நீண்டகாலச் சராசரியின் 88 முதல் 112 விழுக்காடு வரை இயல்பு. பருவம் முடிந்து மாவட்ட மழையை வகைப்படுத்தும்போது 19 விழுக்காடு கூடுதல் முதல் 19 விழுக்காடு குறைவு வரை இயல்பு. உங்கள் 30 ஆண்டுப் பட்டியலில் நடுப்பத்துதான் இயல்பு. மூன்றும் வேறு வேறு. சராசரியும் அப்படியே: இந்திய வானிலை ஆய்வுத் துறை 1971–2020 சராசரியை வைத்துப் பேசும், வெளிநாட்டு மையங்கள் பல 1991–2020 அல்லது தங்கள் மாதிரிக்கு ஏற்ற வேறு காலத்தை வைத்துப் பேசும். விழுக்காடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மி.மீ. அளவுகளை உங்கள் சொந்தப் பட்டியலிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

கணக்கு

கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை; உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலில் கீழ்க்கோடு 330 மி.மீ., மேல்கோடு 460 மி.மீ. நீண்டகால ரகம் கரைசேர மூன்று மாத மழை 400 மி.மீ. தாண்டவேண்டும். குறைமழைப் பத்தில் தாண்டியது ஒன்றும் இல்லை, நடுப்பத்தில் 5, மிகைமழைப் பத்தில் 10. கணிப்பே இல்லையென்றால் முப்பதில் 15, அதாவது 50 விழுக்காடு. கணிப்பு 20 : 35 : 45 என்றால் (0 × 20) + (0.5 × 35) + (1 × 45) = 62.5 விழுக்காடு. எவ்வளவு நல்ல கணிப்பும் இந்த எண்ணை இந்த அளவுதான் நகர்த்தும். பத்து, பதினைந்து புள்ளி.

இப்போது பணம். ஏக்கருக்கு நீண்டகால ரகம் தண்ணீர் போதினால் 22,000 ரூபாய் இலாபம், போதாவிட்டால் 14,000 நட்டம். குறுகியகால ரகம் போதினால் 13,000, போதாவிட்டாலும் 3,000 மிஞ்சும். வாய்ப்பு 62.5 விழுக்காடு என்றால் நீண்டகால ரகத்தின் எதிர்பார்ப்பு (22,000 × 0.625) − (14,000 × 0.375) = 8,500. குறுகியகால ரகத்துக்கு (13,000 × 0.625) + (3,000 × 0.375) = 9,250. அதாவது கணிப்பு நல்லமழைப் பக்கம் சாய்ந்தும் குறுகியகால ரகமே மேல். இரண்டும் சமமாகும் இடத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 65 விழுக்காடு வரும். அந்த எல்லையைத் தாண்டினால்தான் முடிவு மாறவேண்டும். கணிப்பு வருவதற்கு முன்பே இந்த எல்லையைக் கண்டுபிடித்து எழுதி வைத்துவிடுங்கள். செய்தியின் வேகத்தில் மனம் சாயாமல் இருக்க இது உதவும்.

கண்மாயைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு மாறுகிறது. ஆடி, ஆவணி மழையில் கண்மாய் பாதி நிறைந்திருக்கிறது, வரத்துக்கால் தூர்வாரியிருக்கிறது. அதனால் மேற்கொண்டு தேவையான மழை 400-இலிருந்து 340 மி.மீ.க்கு இறங்குகிறது. இப்போது நடுப்பத்தில் 9 ஆண்டுகள் தாண்டுகின்றன. கணிப்பு இல்லாமல் முப்பதில் 19, அதாவது 63 விழுக்காடு; எல்லைக்குச் சற்றுக் கீழே. கணிப்பைச் சேர்த்தால் (0.9 × 35) + 45 = 76.5 விழுக்காடு. நீண்டகால ரகம் 13,540, குறுகியது 10,650. இப்போது நீண்டகால ரகம் விதைக்கலாம். கண்மாய்த் தண்ணீர் மட்டும் இருந்தாலும் முடிவு மாறியிருக்காது, கணிப்பு மட்டும் இருந்தாலும் மாறியிருக்காது. இரண்டும் சேர்ந்துதான் எல்லையைத் தாண்டின. பருவக் கணிப்பைப் பயன்படுத்துவதில் பெரும்பாலோர் விட்டுவிடும் படி இது. கைவசம் இருக்கும் தண்ணீர், மண்ணின் ஈரம், கிணற்று மட்டம் ஆகியவை இன்றே அளக்கக்கூடியவை, ஐயமில்லாதவை. அவற்றை முதலில் அளந்துவிட்டுக் கணிப்புக்கு வாருங்கள்.

எதிர்பார்ப்பு என்பது பல ஆண்டுச் சராசரி. ஒரே ஓர் ஆண்டு 14,000 நட்டத்தைத் தாங்க முடியாதவர், கடனில் விதைப்பவர், சராசரியைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. அவருக்குச் சரியான வழி நிலத்தைப் பிரிப்பது. 76 விழுக்காடு என்றாலும் மூன்றில் இரண்டு பங்கு நீண்டகால ரகம், மடைக்குத் தூரமான கடைப்பகுதியில் குறுகியகால ரகம் அல்லது 65 முதல் 75 நாளில் வந்துவிடும் உளுந்து. கரிசல் மானாவாரியில் இதே முறையில் மக்காச்சோளத்துக்கும் கம்புக்கும் இடையே பரப்பை மாற்றலாம். கணிப்பு குறைமழைப் பக்கம் சாய்ந்தால் அடியுரச் செலவைக் குறைத்து, மேலுரத்தை மழை பார்த்து இடுவது அதிகம் யோசிக்காமல் எடுக்கக்கூடிய முடிவு. தவறினாலும் இழப்பு சிறிது. பயிர்க் காப்பீட்டைக் கணிப்போடு சேர்க்காதீர்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில். மிகைமழைக் கணிப்பு வந்த ஆண்டிலும் கட்டவேண்டும். அந்த ஆண்டுதான் பயிர் மூழ்கும் வாய்ப்பும் அதிகம்.

எங்கே சறுக்கும்

மூன்று மாத மொத்தம் சரியாக வந்தும் பயிர் போகலாம். 2023-இல் மாநில மழை இயல்பை ஒட்டியே முடிந்தது. அதே பருவத்தில் டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணிக் கரை முழுக்க வயல்கள் மூழ்கின. ஒரு புயலோ ஒரு காற்றுச் சுழற்சியோ எங்கே கரையேறும் என்பதைச் செப்டம்பரில் எந்த மாதிரியாலும் சொல்ல முடியாது. ஆனால் நம் பருவமழையில் பெரும்பகுதி சில நாட்களில்தான் கொட்டுகிறது. ஆகவே உங்கள் பட்டியலில் மொத்த மழைக்குப் பக்கத்தில் மழைநாள் எண்ணிக்கையையும் எழுதுங்கள், 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது மழைநாள். மொத்தம் அதிகமாகவும் மழைநாள் குறைவாகவும் உள்ள ஆண்டுகள் பல இருந்தால், மானாவாரிப் பயிருக்கு மொத்தத்தைவிட மழைநாளையே எல்லையாக வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இடப்பரப்பும் ஏமாற்றும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தென் தீபகற்பக் கணிப்பு ஐந்து உட்பிரிவுகளைச் சேர்த்துச் சொல்வது: தமிழ்நாடு–புதுச்சேரி, கடலோர ஆந்திரம், ராயலசீமை, கேரளம், தென் உள் கர்நாடகம். அந்த மொத்தம் கூடும்போதே இராமநாதபுரம் காயலாம். அறிவிப்போடு வரும் மூன்று கூறு வரைபடத்தில் உங்கள் மாவட்டத்தின் நிறத்தைத் தனியாகப் பாருங்கள். அங்கே வெள்ளையாக விட்டிருந்தால் மூன்று கூறுக்கும் ஏறத்தாழ சம வாய்ப்பு என்று பொருள். பலர் வெள்ளையை "இயல்பான மழை" என்று படித்துவிடுகிறார்கள்.

ஐந்து வரைபடங்களைப் பார்த்துவிட்டு மனத்துக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. ஆகஸ்டிலேயே எந்த இரண்டு மூன்று கணிப்புகளைப் பார்ப்பது என்று முடிவு செய்து, அவற்றின் விழுக்காடுகளைச் சராசரியாக்கிக் கொள்ளுங்கள்.

பருவம் தொடங்கிய பின்

தமிழகக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. அதன் பிறகு பருவக் கணிப்பை மடித்து வைத்துவிட்டு வாரக் கணிப்புக்கு வரவேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த நான்கு வாரங்களுக்கான கணிப்பை வெளியிடுகிறது. முதல் இரண்டு வாரத்தை நம்பலாம். நான்காவது வாரத்தைப் போக்குக்காக மட்டும் பாருங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டி 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை கிழக்கு நோக்கி நகரும் மழைமேகத் திரளான மேடன்–ஜூலியன் அலைவு, அதன் இருப்பிடத்தைக் குறிக்கும் எட்டுக் கட்டங்களில் 2, 3, 4-ஆம் கட்டங்களில் வலுவாக இருக்கும்போது நமக்கு மழை வாய்ப்பு கூடும்.

புழுதி விதைப்புக்கு இது நேரடியாக உதவும். கரிசலில் சோளத்தை மழை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே, 5 செ.மீ. ஆழத்தில் விதைப்பார்கள், லேசான தூறலில் முளைத்துக் கருகாமல், நல்ல மழை வந்தபின் முளைக்கவேண்டும் என்பதற்காக. வியாழக்கிழமைக் கணிப்பு அடுத்த இரண்டு வாரமும் வறட்சி என்றால் விதையை ஒரு வாரம் தள்ளலாம். களையெடுப்பு, மேலுரம், மருந்து தெளிப்பு ஆகியவற்றுக்குச் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் ஐந்து நாள் வேளாண் வானிலை அறிக்கையே போதும். மேகதூத் செயலியில் தமிழிலேயே கிடைக்கும்.

உப்பளத்துக்கும் ஏரிக்கும்

தூத்துக்குடி உப்பளங்களில் அக்டோபருக்குள் அம்பாரமாகக் குவித்த உப்பை விற்பதா, பனையோலை போட்டு மூடி வைப்பதா என்ற முடிவு இதே வடிவம்தான்: மூடுவதற்கான செலவு, மூடாவிட்டால் கரையும் இழப்பு. செலவை இழப்பால் வகுத்தால் வருவது எல்லை. ஒரு டன்னுக்கு மூட 100 ரூபாய் ஆகி, மூடாமல் நல்ல மழை பெய்தால் 400 ரூபாய் போகுமென்றால் எல்லை 25 விழுக்காடு. மிகைமழை வாய்ப்பு அதைத் தாண்டினால் மூடவேண்டும். இங்கே எல்லை 33-க்குக் கீழே இருப்பதால் கணிப்பு இல்லாத ஆண்டிலும் மூடுவதே சரி. வலுவான குறைமழைக் கணிப்பு வந்தால் மட்டும்தான் விட்டுவைக்கலாம். செங்கல் சூளையில் பச்சைக்கல் அறுப்பை எப்போது நிறுத்துவது என்பதற்கும் இதே வகுத்தல்.

ஏரி, அணை நிர்வாகத்தில் ஒரு எச்சரிக்கை. பருவக் கணிப்பை வைத்து மதகைத் திறக்கவோ மூடவோ கூடாது. அது சில மணி, சில நாள் கணிப்பின் வேலை. கலுங்கைச் சரிபார்ப்பது, கரையின் பலவீனமான இடத்துக்கு மணல் மூட்டை சேர்ப்பது, குறைமழை ஆண்டென்றால் கோடைக் குடிநீருக்கு டிசம்பரிலேயே ஒதுக்கீடு பேசுவது போன்ற, முன்கூட்டிச் செய்தால் வீணாகாத வேலைகளுக்குத்தான் செப்டம்பர் எண் பயன்படும்.

பதிவேடு

ஒரு நோட்டில் ஆண்டுக்கு ஒரு வரி போதும். கணிப்பு வெளியான தேதி, மூன்று விழுக்காடுகள், கண்மாய் மட்டம், எடுத்த முடிவு, ஜனவரியில் கூட்டிப் பார்த்த உங்கள் மழைமானியின் மூன்று மாத மொத்தம், அது எந்தக் கூறு. நடந்த கூறுக்குக் கணிப்பு கொடுத்திருந்த விழுக்காட்டை வட்டமிடுங்கள். மிகைமழைக்கு 45 என்று சொல்லி மிகைமழையே வந்தால் 45. குறைமழை வந்தால் 20. பத்து ஆண்டுகளின் வட்டமிட்ட எண்களுக்குச் சராசரி எடுத்தால் அது 33-க்கு மேல் இருக்கவேண்டும். 38, 40 என்றால் அந்தக் கணிப்பு உங்கள் ஊருக்கு நன்றாகவே உதவுகிறது. பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியதும் இல்லை; மையங்கள் வெளியிட்டிருக்கும் கடந்தகால ஓட்டங்களை எடுத்து இப்போதே இந்தச் சராசரியைப் போட்டுப் பார்க்கலாம். 33-ஐ ஒட்டியே நின்றால் அந்தக் கணிப்பை விட்டுவிட்டு, 30 ஆண்டுப் பட்டியலையும் கண்மாய் மட்டத்தையும் மட்டும் வைத்து விதையுங்கள்.